சட்ட உதவிக் கந்தோரில் ஆள் மாற்றம்: கமக்காரனுக்கு என்ன நட்டம்?

கந்தோர் ஒன்றின் தலைவர் இளைப்பாறினார், அவரிடத்துக்கு வேறொருவர் வந்தார், கிளைகள் இரண்டு ஒன்றாக்கப்பட்டன என்னும் செய்தியைப் பத்திரிகையின் ஒரு மூலையிற் காணும் வாசகர் அதைப் படியாமலே பக்கத்தைப் புரட்டிவிடுகிறார். வங்கியிலோ வியாபார ஸ்தாபனத்திலோ நிகழும் மாற்றமாயின் அவர் செய்வது சரியே. ஆனால், கட்டணம் வாங்காது ஏழைகளுக்காக வழக்காடும் சட்ட உதவிக் கந்தோரில் நிகழும் மாற்றத்தை அப்படி விட்டுவிடலாகாது. அங்கே ஒரு மேசை வெறுமையானால், அந்த மேசையை நம்பி வயலையும் வளவையும் மீட்கக் காத்திருக்கும் குடும்பங்களின் கதி யாது என்று கேட்கும் கடமை எமக்குண்டு.

இதனை விளக்க நாம் வெகுதூரம் செல்லவேண்டியிருக்கிறது. அமெரிக்க ஐக்கிய நாட்டின் கலிபோர்னியா மாநிலம் செல்வச் செழிப்புக்குப் பெயர் பெற்றது. அச்செழிப்பில் ஒரு பெரும் பங்கை விளைவிப்போர் அதன் பள்ளத்தாக்குகளிலே சலாதும் முந்திரிகையும் தக்காளியும் பயிராகும் பண்ணைகளில் வேலைசெய்யும் கூலிகள். அவர்களிற் பெரும்பாலோர் மெக்சிக்கோவிலிருந்து வந்தோர், அல்லது வந்தோரின் பிள்ளைகள். ஆங்கிலம் அவர்களுடைய வீட்டுமொழியன்று. இவர்களுக்காக 1966ஆம் ஆண்டில் ஜேம்ஸ் லொறென்ஸ் என்னும் இளம் சட்டத்தரணி தொடக்கிய ஸ்தாபனமே கலிபோர்னியா கிராமியச் சட்ட உதவி நிலையம். ஜனாதிபதி ஜோன்சன் வறுமைக்கெதிராகத் தொடுத்த போரின் பயனாக, 1964ஆம் ஆண்டுச் சட்டமொன்றின்கீழ் மத்திய அரசாங்கத்தின் பணம் அதற்குக் கிடைத்தது. கந்தோர்களைப் பெருநகரத்தில் அமைக்காது, கூலிகள் நடந்துவரக்கூடிய சிற்றூர்களில் அமைத்தனர். சட்டத்தரணிகளோடு, அவ்வூர்களிற் பிறந்து வயல் வேலை செய்து பழகியவர்களையும் உத்தியோகத்தராகச் சேர்த்துக்கொண்டனர். அந்தச் சேர்க்கையே அந்த ஸ்தாபனத்தின் உயிர்நிலை என்பது எமது அபிப்பிராயம்.

அது என்ன சாதித்தது என்பதை எமது கமக்கார வாசகர்கள் அறிந்துகொள்ளல் வேண்டும். அங்கே களையெடுப்பதற்கும் பயிர் கலைப்பதற்கும் இரண்டடிக்கும் குறைந்த பிடியுள்ள ஒருவகைக் கொத்து வழங்கிவந்தது. அதைப் பிடித்தவன் காலை முதல் மாலைவரை இடுப்பை வளைத்தபடியே சாலுக்குச் சால் நகரவேண்டும். நீண்ட பிடி போட்டால் பயிர் சேதமாகும் என்றனர் பண்ணை முதலாளிகள். உண்மை வேறு. குட்டைப் பிடி இருந்தால், நிமிர்ந்து நிற்பவன் வேலை செய்யாதவன் என்பதைக் கங்காணி தூரத்திலிருந்தே கண்டுகொள்வான்! ஏழைகளுக்கு வழக்காட வந்தவர் என்றால் இந்தக் கொத்தை ஒழித்துக் காட்டும் என்று தொழிலாளர் சிலர் மொறிஸ் ஜோர்டேன் என்னும் சட்டத்தரணிக்குச் சவால் விட்டனர் என்பர். அவரும் நிலையத்தாரும் வைத்தியர்களின் சாட்சியங்களைத் திரட்டினர். முள்ளந்தண்டு தேய்ந்து நடுவயதிலேயே முடமானோரின் கதைகள் பதிவாயின. கைத்தொழிற் பாதுகாப்புப் பகுதியினர் முதலில் மறுத்தனர். 1975ஆம் ஆண்டு தொடக்கத்தில் மாநில உச்ச நீதிமன்றம் கூலிகளின் பக்கம் தீர்ப்பளித்தது. அவ்வாண்டிலேயே குட்டைப் பிடிக் கொத்து வயலைவிட்டு நீங்கிற்று. பயிர் அழிந்ததா? இல்லை. சலாது இன்றும் விளைகிறது.

இன்னுமொரு வழக்கைச் சொல்லாமல் அப்பாற் செல்ல எமக்கு மனமில்லை. சொலெடாட் என்னும் ஊரிலே மெக்சிக்க வமிசத்துப் பிள்ளைகள் ஒன்பதின்மரை மந்தபுத்தியுள்ளோருக்குரிய வகுப்பில் அமர்த்தியிருந்தனர். புத்தியளவைப் பரீட்சையில் அவர்கள் தேறவில்லையாம். அப்பரீட்சை எந்த மொழியில் நடந்தது? ஆங்கிலத்தில்! ஸ்பானிய மொழி பேசும் ஒருவரைக் கொண்டு மறுபடியும் பரீட்சித்தபோது, அவர்களுட் பெரும்பாலோர் அந்த வகுப்புக்கு உரியவரே அல்லர் என்பது வெளியாயிற்று. 1970ஆம் ஆண்டில் வழக்கு இணக்கமாக முடிந்தது. பிள்ளையின் வீட்டுமொழியிலும் பரீட்சை நடத்துவதென மாநிலக் கல்விப் பகுதி ஒப்புக்கொண்டது. பிள்ளைக்குத் தெரியாத மொழியில் அதன் அறிவை அளந்து, பிள்ளை மந்தமென்று தீர்ப்புக் கூறும் கொடுமையை எமது வாசகர்களுக்கு நாம் விரித்துரைக்கத் தேவையில்லை. ஆனால் இதனை ஆழ்ந்து நோக்குக: அந்தத் தாய்மார் தமது மனக்குறையைச் சொல்ல வந்தபோது, கந்தோரில் அதை அவர்களுடைய மொழியிற் கேட்க ஆள் இருந்தது. அந்த ஆள் இல்லாவிட்டால் வழக்கும் இல்லை.

இத்தகைய ஸ்தாபனத்துக்குப் பகைவர் இல்லாதிருப்பரா? 1967ஆம் ஆண்டில் மாநில அரசாங்கம் ஏழைகளின் வைத்திய உதவியைக் குறைக்க முற்பட்டபோது, நிலையம் அதை நீதிமன்றத்தில் தடுத்து நிறுத்தியது. அப்போது கவர்னராயிருந்தவர் றொனால்ட் றேகன். அரசாங்கப் பணத்தில் இயங்குவோர் அரசாங்கத்தின்மீதே வழக்குத் தொடுப்பதா என்று கோபம் மூண்டது. இத்தகைய வழக்குகளைத் தடைசெய்ய அம்மாநில செனற்றர் ஜோர்ஜ் மர்பி 1967இல் கொண்டுவந்த திருத்தம் தோற்றது. 1970ஆம் ஆண்டு இறுதியிலே கவர்னர் தமது தடையதிகாரத்தைப் பயன்படுத்தி நிலையத்துக்குரிய மத்திய மானியத்தை நிறுத்தினார். இருநூறுக்கும் மேற்பட்ட பக்கங்களில் ஒரு குற்றப்பத்திரிகையும் தயாராயிற்று. அதை விசாரிப்பதற்கு வெளி மாநிலங்களின் உச்ச நீதிமன்றங்களைச் சேர்ந்த நீதியரசர் மூவர் நியமிக்கப்பட்டனர். குற்றச்சாட்டுகள் ஆதாரமற்றவை என்று அவர்கள் 1971ஆம் ஆண்டில் அறிக்கை செய்தனர். மானியம் மீண்டது.

கண்ணுக்குத் தெரியும்படி கதவை அடைக்க வந்தவர் தோற்றார். ஆனால் கண்ணுக்குத் தெரியாதபடி அடைக்கும் முறையும் ஒன்றுண்டு. நிர்வாகச் சீரமைப்பு என்பது அதன் பெயர்.

சீரமைப்பெல்லாம் தீமை என்று நாம் சொல்லவரவில்லை. 1974ஆம் ஆண்டிலே ஜனாதிபதி நிக்சன், பதவி துறப்பதற்குச் சிறிது முன்னர், சட்ட சேவைக் கூட்டுத்தாபனச் சட்டத்தில் ஒப்பமிட்டார். கவர்னர்களின் கோபதாபத்துக்கு எட்டாத தூரத்தில் இந்தக் கந்தோர்களின் பணப்பையை வைப்பதே அதன் நோக்கம். பதினொருவர் கொண்ட சபையில் ஒரே கட்சியைச் சேர்ந்தோர் அறுவருக்கு மேற்படக்கூடாதென்றும் விதித்தனர். நல்ல ஏற்பாடே. ஆனால் பணப்பையின் வாயைக் கட்டும் கயிறு சட்டசபையின் கையில் இருந்தது. பழைய கவர்னர் 1981இல் ஜனாதிபதியானதும் கூட்டுத்தாபனத்தையே ஒழிக்கக் கேட்டார். காங்கிரஸ் மறுத்துவிட்டது. எனினும் 32 கோடி 10 இலட்சம் டொலராயிருந்த ஒதுக்கீடு 1982இல் 24 கோடி 10 இலட்சமாகக் குறைந்தது. நாடெங்கும் கிளைகள் மூடப்பட்டன. அனுபவம் வாய்ந்த சட்டத்தரணிகள் வெளியேறினர். 1996ஆம் ஆண்டில் 40 கோடி 27 கோடி 80 இலட்சமாயிற்று. அத்தோடு நிபந்தனைகளும் வந்தன. ஒரே குறைபாடுடைய பலருக்காக ஒரே வழக்காகத் தொடுக்கும் கூட்டு வழக்கு இனிக் கூடாது. சிறையிலுள்ளோருக்காக வழக்காடல் கூடாது. குடிவந்தோருட் பலவகையினருக்கு உதவக்கூடாது. தனியார் கொடுத்த பணத்தைக் கொண்டுங்கூட இவற்றைச் செய்தலாகாது என்று விதி சொல்லிற்று. பல இடங்களில் ஒரே கந்தோர் இரண்டாயிற்று: அரசாங்கப் பணத்தோடு வாய் கட்டப்பட்டது ஒன்று, பணமின்றி வாய் திறந்தது மற்றொன்று. பெயர்ப்பலகை மாறவில்லை. குட்டைப் பிடிக் கொத்தினால் முதுகொடிந்த ஆயிரம்பேர் ஒருங்கே வந்தால், அக்கந்தோர் அவர்களை ஒவ்வொருவராக வரச்சொல்ல வேண்டியதாயிற்று. அவ்வளவுதான் வித்தியாசம்.

டொனால்ட் டிறம்ப் ஜனாதிபதியாக 2017ஆம் ஆண்டிலும் மறுபடி 2025ஆம் ஆண்டிலும் சமர்ப்பித்த வரவுசெலவு யோசனைகளும் இக்கூட்டுத்தாபனத்தை மூடிவிடவே கூறின. முந்தியதைக் காங்கிரஸ் ஏற்கவில்லை. ஆயினும், ஆண்டுதோறும் வாசலில் வாள் தொங்கும் கந்தோரிலே படித்த இளைஞர் எத்தனைபேர் நிலைத்திருப்பர்? சம்பளமோ தனியார் கம்பெனிகள் கொடுப்பதிற் சிறுபகுதி. வருவார், இரண்டு மூன்று ஆண்டு தொழில் பழகுவார், போய்விடுவார். அவரைக் குறைகூற நாம் விரும்பவில்லை, அவருக்கும் குடும்பமுண்டு. ஆனால் காணி வழக்கொன்று இரண்டு மூன்று ஆண்டில் முடிவதில்லை. சட்டத்தரணி மாறுந்தோறும் வழக்காளி தன் கதையை முதலிலிருந்து சொல்கிறான். உறுதியின் எந்த மூலையில் எல்லை பிழையாக எழுதப்பட்டுள்ளது, எந்தச் சாட்சி படுக்கையிற் கிடக்கிறார் என்பன கோவையில் எழுதப்படாதவை. அவை போனவரோடு போய்விடுகின்றன.

இந்த இடத்திலேதான் நாம் ஹொசே பதியா என்பவரைக் குறிப்பிடவேண்டும். இம்பீரியல் பள்ளத்தாக்கிலே வயற்கூலிகளின் வழியில் வந்தவர் அவர். பெரிய சர்வகலாசாலைகளிற் படித்துச் சட்டத்தரணியாகி, 1978இல் அந்த நிலையத்தின் தம்மூர்ப்பக்கக் கிளையிற் சேர்ந்தார். 1984இல் தலைமையேற்று, நாற்பது ஆண்டுக்குச் சற்றுக் குறைந்த காலம் அதை நடத்தி இளைப்பாறினார். மத்திய மானியம் வெட்டுண்டபோதெல்லாம் அவர் அங்கே இருந்தார். மெக்சிக்கோவின் தென்பகுதியிலிருந்து மிஸ்தெக் முதலிய ஆதிமொழிகளைப் பேசுவோர் வயல்களுக்கு வரத் தொடங்கியபோது, ஸ்பானிய மொழியும் அவர்களுக்கு அந்நியம் என்பதை உணர்ந்து, அம்மொழிகளைப் பேசுவோரையே உத்தியோகத்தராக நியமித்ததும் அவர் காலத்திலேயே. ஒருவரே இத்தனை ஆண்டு தலைமையில் இருப்பது நன்றன்று என்போரும் உளர். அவர்கள் கூற்றை நாம் தள்ளிவிடவில்லை. நீண்டகாலத் தலைவர் தமக்குப் பின் வருவோரைப் பழக்காது சென்றால் அந்த ஸ்தாபனம் அநாதையாகும். ஆனால் ஏழைகளின் கந்தோர்களில் நாம் பொதுவாகக் காணும் நோய் தலைவர் நெடுங்காலம் இருப்பதன்று, எவரும் இல்லாதிருப்பதே.

வரி கொடுப்போர் பணத்தைக் கொண்டு அரசாங்கத்தை நீதிமன்றுக்கு இழுப்பது முறையா என்ற கேள்விக்கும் விடை சொல்லவேண்டும். அரசாங்கத்தின் சார்பில் தோன்றும் சட்டத்தரணிக்குச் சம்பளம் எங்கிருந்து வருகிறது? அதே வரிப்பணத்திலிருந்தே. ஒரு பக்கத்தவருக்கு மாத்திரம் பணம் கொடுத்து, மறுபக்கத்தவரை வெறுங்கையோடு நிறுத்திவிட்டு, நீதி நடந்ததென்று சொல்வதில் எமக்கு உடன்பாடில்லை.

எமது நாட்டுக்கு வருவோம். 1978ஆம் ஆண்டின் 27ஆம் இலக்கச் சட்டத்தின்கீழ் எமக்கும் சட்ட உதவி ஆணைக்குழு ஒன்றுண்டு. சட்டத்தரணிகள் சங்கம் நியமிப்போரும் மந்திரி நியமிப்போரும் அதில் அமர்கின்றனர். நீதிமன்றங்களுள்ள பட்டினங்கள் பலவற்றில் நிலையங்கள் உள. அது எதற்கு வேண்டும் என்பதை 2025ஆம் ஆண்டு மார்ச் 28ஆம் திகதிய வர்த்தமானி எமக்கு உணர்த்திற்று. வடக்கின் நான்கு மாவட்டங்களில் ஏறக்குறைய ஆறாயிரம் ஏக்கர் காணிக்கு உரிமை கோருவோர் மூன்று மாதத்துக்குள் கோரவேண்டும் என்றது அவ்வறிவித்தல். யுத்தத்தில் வீட்டோடு உறுதியும் எரிந்துபோனவன் மூன்று மாதத்தில் எதை எடுத்துக்கொண்டு எங்கே போவான்? அவ்வாண்டு ஜூன் மாதத்தில் உயர் நீதிமன்றம் இடைக்காலத் தடை விதித்தது. தடை கிடைத்தது வழக்குத் தொடுக்க ஆள் இருந்தமையால். அந்த மூன்று மாதத்தில் ஒரு நிலையத்தின் மேசை வெறுமையாயிருந்திருப்பின், அல்லது புதிதாக வந்தவர் முல்லைத்தீவுக் கமக்காரன் பேசுவதை மொழிபெயர்ப்பாளர் மூலம் கேட்க நேர்ந்திருப்பின் என்னாகும்?

ஆகையால் சட்டத்தரணிகளாயும் ஆசிரியர்களாயும் எழுதுவினைஞர்களாயும் உள்ள எமது வாசகர்களிடம் நாம் ஒன்று கேட்கிறோம். உங்கள் பட்டினத்துச் சட்ட உதவி நிலையத்தில் ஒருவர் மாறிப்போனால், வந்தவர் எவரென்று விசாரியுங்கள். போனவர் நடத்திய வழக்குகளின் பட்டியல் அவர் கைக்கு வந்ததா, ஒவ்வொரு வழக்காளிக்கும் அடுத்த தவணை தமிழில் அறிவிக்கப்பட்டதா, கிராமங்களிலிருந்து வருவோரின் வாய்மொழியை எழுதிக்கொள்ள அப்பகுதியாள் ஒருவர் இருக்கிறாரா, இன்னின்ன வழக்கை எடுக்கவேண்டாம் என்று புதிய சுற்றறிக்கை ஏதும் வந்துள்ளதா என்று கேளுங்கள். கமக்கார அன்பர்களே, உங்கள் கோவையின் பிரதியொன்றை உங்கள் வீட்டுப் பெட்டியிலும் வைத்துக்கொள்ளுங்கள். அதைக் கேட்டு வாங்குவதற்கு நீங்கள் எவருக்கும் தலைசொறிந்து நிற்கவேண்டியதில்லை.