பரிசோதனை கணவருக்கும்தான்

நிக்காஹ் முடிந்து ஓராண்டு கடந்துவிட்டால், "ஏதேனும் விசேஷம் உண்டா?" என்ற கேள்வி மருமகளை நோக்கியே எழுகிறது. ஸ்கேன், இரத்தப் பரிசோதனை, கருக்குழாய்ப் பரிசோதனை என அவள்தான் அலைக்கழிக்கப்படுகிறாள். மகனைப் பற்றிக் கேட்டாலோ, "அவனுக்கென்ன குறை? நல்ல ஆரோக்கியமாகத்தானே இருக்கிறான்!" என்கிறோம். இப்பதில் எவ்வளவு பிழையானது என்பதை உணர்த்த ஒரு பழ ஈ போதும்.

1916ஆம் ஆண்டு, அமெரிக்காவின் கொலம்பியா பல்கலைக்கழக ஆய்வாளர் கால்வின் பிரிட்ஜஸ், ஒய் குரோமோசோம் இல்லாத ஆண் ஈக்களைக் குறித்து எழுதினார். தோற்றத்தில் அவற்றுக்கு எக்குறையும் இல்லை. மற்ற ஆண் ஈக்களைப் போலவே இணை சேரும். சந்ததி மட்டும் உண்டாகாது. அவற்றின் விந்தணுக்கள் நீந்துவதில்லை என்பது பின்னர் தெரியவந்தது. ஏறத்தாழ 3 மில்லிமீட்டரே உள்ள அந்த ஈயின் ஒரு விந்தணு 1.8 மில்லிமீட்டர் நீளமுடையது என்பது வியப்புத்தான்! அதில் பெரும்பகுதி வால். அவ்வாலை அசைப்பது டைனீன் என்னும் புரதம். அதன் பகுதிகளை உருவாக்கும் மரபணுக்களுள் சில, ஈயின் ஒய் குரோமோசோமில் உள்ளன.

மனிதனின் ஒய் குரோமோசோம் வேறு வகைப்பட்டது. எனினும் நம் விந்தணுவின் வாலையும் டைனீனே இயக்குகிறது. 2014இல் வட ஆப்பிரிக்க ஆண்கள் சிலரிடம் டிஎன்ஏஹெச்1 என்னும் டைனீன் மரபணு பழுதுபட்டிருப்பது கண்டறியப்பட்டது. தாய், தந்தை இருவரிடமிருந்தும் பழுதான பிரதி வந்தால்தான் இக்குறை தோன்றும். ஆகவே, சொந்தத்திற்குள் மணமுடிக்கும் குடும்பங்களில் இதற்கு வாய்ப்பு அதிகம். இத்தகைய ஆணின் தாம்பத்திய வலிமையில் குறை ஏதும் இராது. ஆண்மை வேறு, கருவுறச் செய்யும் ஆற்றல் வேறு. இவ்விரண்டையும் ஒன்றெனக் கருதுவதால்தான் நம் ஆண்கள் பரிசோதனைக்கு அஞ்சுகிறார்கள்.

விந்துப் பரிசோதனையில் ஊசியும் இல்லை, வலியும் இல்லை. மாதிரி கொடுக்கும் முறையில் மார்க்கத் தயக்கம் உடையோர், தாம்பத்திய உறவின்போதே சேகரிப்பதற்கென உள்ள தனி உறையை மருத்துவரிடம் கேட்டுப் பெறலாம். கடையில் விற்கும் சாதாரண ஆணுறை இதற்கு உதவாது.

குறை தெரிந்தால் வழியும் உண்டு. நீந்தாத விந்தணுவையும், உயிரோடு இருப்பின், மனைவியின் கருமுட்டைக்குள் ஊசி மூலம் செலுத்த இயலும். ஆனால் கணவரின் ஒய் குரோமோசோமில் ஒரு பகுதியே விடுபட்டிருந்தால், அவ்வாறு பிறக்கும் மகனுக்கும் அக்குறை செல்லும். இதனை மருத்துவர் விளக்கும்போது மருமகளும் மாமியாரும் மட்டும் அமர்ந்து கேட்டுக்கொண்டிருப்பதில் என்ன பயன்?