வெறுமையாயிருந்த நாற்காலிகள்

சென்ற ஆண்டு எமது கலைவிழாவுக்கு மாணவி ஒருத்தி தனது ஆங்கிலப் பாடசாலைத் தோழியையும் அவளின் தாயாரையும் அழைத்து வந்திருந்தாள். இருவரும் கறுப்பினத்தவர். மண்டபம் நிறைந்திருந்தும் அவர்களின் இருபுறத்து நாற்காலிகள் நிகழ்ச்சி முடியும்வரை வெறுமையாகவே இருந்தன. பின்வரிசையில் ஒருவர், அவர்களுக்குத் தமிழ் விளங்காது என்ற துணிவில், நாம் ஊரிலிருந்து காவிவந்த அந்த இழிசொல்லைச் சொன்னார். விளங்கிய எமது மாணவி தலைகுனிந்தாள்.

அன்பார்ந்த பெற்றோர்களே, எமது பிள்ளைகள் பயிலும் இவ்வகை வார இறுதிப் பாடசாலைகளை நமக்கு முன்னரே பிரித்தானியாவில் நடத்தியோருள் அம்மக்களும் அடங்குவர். 1960களில் மேற்கிந்தியத் தீவுகளிலிருந்து வந்தோரின் பிள்ளைகள் பலர் இலண்டனில் 'கல்வியில் இயல்புக்குக் குறைந்தோர்' என முத்திரை குத்தப்பட்டுத் தனிப் பாடசாலைகளுக்கு அனுப்பப்பட்டனர். கிறனடாவைச் சேர்ந்த ஆசிரியர் பேர்ணாட் கோட் 1971இல் ஒரு சிறு நூலில் இதனை அம்பலப்படுத்தினார். அப்பரீட்சைகள் பிள்ளையின் அறிவை அளக்கவில்லை; ஆங்கிலேய நடுத்தர வர்க்கத்தின் சொல்லையும் பழக்கத்தையுமே அளந்தன என்பது அவர் வாதம். கரீபியன் தீவுகளில் தண்ணீர்க் குழாயை 'பைப்' என்பர். 'டப்' என்று கேட்டால் புதிதாய் வந்த பிள்ளை விழிக்கத்தான் செய்யும். (எமது வீடுகளிலும் 'பைப்' தானே!) அந்த முத்திரையை நீக்கும் சட்டம் 1981இலேயே நிறைவேறியது.

அப்பெற்றோர் அதுவரை காத்திருக்கவில்லை. றினிடாட்டைச் சேர்ந்த ஜோன் லா றோஸ் 1969இல் வட இலண்டனில் ஜோர்ஜ் பட்மோர் துணைப் பாடசாலையைத் தொடங்கினார். இத்தகைய பாடசாலைகளில் கணிதம், ஆங்கிலத்தோடு தம் மக்களின் வரலாற்றையும் கற்பித்தனர். பாடநூலில் தன் முகத்தைக் காணாத பிள்ளை அங்கே கண்டது.

குறை முற்றாகத் தீர்ந்துவிடவில்லை. இயல்பான சுருள்முடிக்காகவும் பின்னலுக்காகவும் மாணவரைத் தடுப்பது சட்டவிரோதமாகக்கூடும் என்று சமத்துவ ஆணைக்குழு 2022இற் கூடப் பாடசாலைகளுக்கு எடுத்துரைக்க நேர்ந்தது.

இவையெல்லாம் பாடசாலை நிருவாகத்தின் பொறுப்பு என நாம் ஒதுங்கலாமா? வகுப்பறையில் அப்பிள்ளையின் அருகே அமர்வது எமது பிள்ளையல்லவா? அமர்வதா விலகுவதா என்பதை அது எமது சமையலறைப் பேச்சிலிருந்தே கற்கின்றது. அந்த இழிசொல்லை முதலில் நாம், வளர்ந்தோர், கைவிட வேண்டும். மேல்வகுப்புகளில் மேற்கூறிய வரலாற்றைத் தமிழிலேயே ஒரு பாடமாகக் கற்பிக்கலாம் என்பது எனது வேண்டுகோள்.

அத்தோழியையும் தாயாரையும் இவ்வாண்டும் அழைத்திருப்பதாக அம்மாணவி கூறினாள். வருவார்களோ தெரியாது. வந்தால் அவர்களுக்கு அருகில் அமர எனது குடும்பத்தினர் நால்வரும் முன்கூட்டியே வந்திருப்போம்.