எரிந்த பேட்டரியை யார் விசாரிப்பது?

லேப்டாப் பேட்டரி உப்பிவிட்டது, மொபைல் போன் தீப்பிடித்தது என்று கேள்விப்பட்டால் நாம் உடனே தீர்ப்புச் சொல்லிவிடுகிறோம். "ராத்திரி முழுக்க சார்ஜ் போட்டிருப்பான்", "டூப்ளிகேட் சார்ஜராக இருக்கும்". அத்தோடு சரி. எரிந்த பேட்டரி குப்பைக்குப் போகிறது. இந்தப் பழக்கம் தவறு என்பது என் கருத்து.

சாப்ட்வேர் துறையில் ஒரு புரோகிராம் பாதியில் நின்றால் லாக் பைலைத் திறந்து பார்ப்போம். மறுபடி இயக்கியும் பார்க்கலாம். தீவிபத்தை ஆராயும் இன்ஜினியருக்கு இந்த வசதி இல்லை. தடயங்களில் பாதியைத் தீயே தின்றிருக்கும். அவருடைய முதல் கேள்வியே சிக்கலானது: பேட்டரியால் தீ வந்ததா, வேறு தீயில் பேட்டரி எரிந்ததா?

லித்தியம் அயான் பேட்டரிக்குள் பாசிட்டிவ், நெகட்டிவ் என இரண்டு மெல்லிய தகடுகள் இருக்கின்றன. அவை ஒன்றையொன்று தொடாமல் தடுப்பது தலைமுடியை விட மெல்லிய ஒரு பிளாஸ்டிக் படலம். அது கிழிந்தால் ஷார்ட் சர்க்யூட். அந்தச் சூட்டில் உள்ளே உள்ள திரவம் ஆவியாகித் தீப்பற்றுகிறது.

எனவே ஆய்வாளர் பேட்டரியை அவசரப்பட்டுப் பிரிப்பதில்லை. முதலில் எக்ஸ்ரே, சிடி ஸ்கேன். பிறகு அதே மாடலில் எரியாத பேட்டரியைப் பிரித்து ஒப்பிடுகிறார். செம்பு உருக 1,085 டிகிரி செல்சியஸ் வேண்டும். செம்புத் தகடு ஓரிடத்தில் மட்டும் உருகியிருந்தால் அது ஒரு முக்கியமான துப்பு.

இந்த வேலையின் அருமையைக் காட்டியது சாம்சங் கேலக்ஸி நோட் 7. 2016 ஆகஸ்டில் விற்பனைக்கு வந்தது. போன்கள் எரிந்ததால், செப்டம்பரில் 25 லட்சம் போன்களைத் திரும்பப் பெறுவதாக சாம்சங் அறிவித்தது. பழி ஒரு நிறுவனத்தின் பேட்டரி மேல் விழுந்தது. வேறு நிறுவனத்தின் பேட்டரியோடு மாற்றுப் போன்கள் தரப்பட்டன. அவையும் எரிந்தன! அக்டோபர் 5 அன்று அமெரிக்காவின் லூயிவில் நகரில், புறப்படவிருந்த விமானத்தில் மாற்றுப் போன் ஒன்று புகைந்து, பயணிகள் வெளியேற்றப்பட்டனர். அந்த மாதமே தயாரிப்பு நிறுத்தப்பட்டது.

2017 ஜனவரியில் முடிவு வந்தது. சுமார் 700 பேர், 2 லட்சத்துக்கும் மேற்பட்ட போன்களையும் 30,000க்கும் மேற்பட்ட பேட்டரிகளையும் சோதித்திருந்தனர். முதல் பேட்டரியில் மேல் மூலையில் நெகட்டிவ் தகடு வளைந்திருந்தது. இரண்டாவதில் வெல்டிங் பிசிறுகள் படலத்தைத் துளைத்திருந்தன. போன் ஒன்று, குறை இரண்டு!

போன்களைத் திரும்பப் பெற்றது சரி. காரணம் உறுதியாகும் முன்பே மாற்றுப் போனைக் கையில் கொடுத்ததுதான் தவறு. "விசாரணைக்கு மாதக்கணக்கில் ஆகுமே, கம்பெனி காத்திருக்க முடியுமா?" என்று நீங்கள் கேட்கலாம். பணத்தைத் திருப்பிக் கொடுக்கலாமே! பணம் கொடுத்தால் ஆபத்து தீர்கிறது. ஆராய அவகாசமும் கிடைக்கிறது.

நம் பங்கும் இருக்கிறது. பேட்டரி உப்பினால் சார்ஜ் போடாதீர்கள், அழுத்தாதீர்கள், குத்தாதீர்கள். சர்வீஸ் சென்டரில் ஒப்படையுங்கள். எரிந்துவிட்டால், நன்றாக ஆறிய பிறகு வீட்டுக்கு வெளியே பத்திரப்படுத்துங்கள். ஆறியது போலத் தெரிந்தாலும் மறுபடி பற்றலாம். படம் எடுங்கள். மாடல் எண், எந்த சார்ஜர், எவ்வளவு நேரம் சார்ஜில் இருந்தது என்பதை எழுதி வையுங்கள். பில், சார்ஜர் இரண்டையும் தூக்கி எறியாதீர்கள். கம்பெனிக்கு எழுதுங்கள். பதில் இல்லையென்றால் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண் இருக்கிறது.

குப்பைக்குப் போன பேட்டரியை எந்த இன்ஜினியராலும் விசாரிக்க முடியாது. அதே குறையுள்ள இன்னொரு பேட்டரி, வேறொருவர் வீட்டில் சார்ஜ் ஆகிக்கொண்டிருக்கலாம்.