ஒரே தாளில் இரண்டு டயாலிசிஸா?

எனக்குத் தெரிந்த இருவர் டயாலிசிஸில் இருக்கிறார்கள். ஒருவர் ஆஸ்பத்திரிக்குப் போய் மெஷினில் ரத்தத்தைச் சுத்தம் செய்துகொள்கிறார். இன்னொருவர் வீட்டிலேயே வயிற்றுக்குள் தண்ணீர் விட்டு எடுக்கிறார். இருவர் கையிலும் ஒரே ஜெராக்ஸ் தாள்: வாழைப்பழம் கூடாது, இளநீர் கூடாது, கீரை கூடாது, பருப்பு, முட்டை, மீன் குறைக்கவும். பிறப்புச் சான்றிதழுக்கும் இறப்புச் சான்றிதழுக்கும் ஒரே ஃபாரத்தை நீட்டினால் எங்கள் ஆபீசில் சும்மா விட்டிருப்பார்களா? உயிர் விஷயத்தில் மட்டும் எப்படி ஒப்புக்கொள்கிறோம்?

நான் டாக்டர் இல்லை. ஆனால் விவரங்கள் ரகசியமும் இல்லை.

முதலில் மெஷின் டயாலிசிஸ். வாரத்துக்கு இரண்டு அல்லது மூன்று முறை, தடவைக்கு நாலு மணி நேரம். நடுவில் இருக்கும் நாட்களில் பொட்டாசியமும் தண்ணீரும் உடம்பிலேயே தேங்கும். பொட்டாசியம் மிஞ்சினால் இதயம் நின்றுவிடலாம். ஆகவே இவருக்கு வாழைப்பழத் தடை நியாயம்தான். தண்ணீர் அளவும் நியாயம்தான்.

வயிற்று டயாலிசிஸ் வேறு கதை. இரண்டு லிட்டர் திரவத்தை நாளைக்கு மூன்று நாலு முறை மாற்றுகிறார்கள். பொட்டாசியம் நாள் முழுக்க வெளியேறிக்கொண்டே இருக்கும். சிலருக்கு இருக்க வேண்டிய அளவுக்கும் கீழே போய்விடும்; கைகால் தளரும், இதயத் துடிப்பு தடுமாறும். அப்படிப்பட்டவரிடம் ரத்தப் பரிசோதனையைப் பார்க்காமல் "வாழைப்பழம் தொடாதே" என்பது உதவியா, உபத்திரவமா?

அந்தத் திரவத்தில் சர்க்கரை இருக்கிறது. நாளைக்கு நூறு கிராமுக்கு மேல்கூட உடம்பில் ஏறலாம். எடை கூடும். "ஆள் தேறிட்டாரு" என்று சொந்தக்காரர்கள் சந்தோஷப்படுவார்கள். ஏறுவது பெரும்பாலும் கொழுப்பு. சதை உள்ளுக்குள் கரைந்துகொண்டிருக்கலாம். ஏனென்றால் அதே திரவத்தோடு தினமும் ஐந்து முதல் பத்து கிராம் புரதம் வெளியே போகிறது. மெஷினிலும் இழப்பு உண்டு: ஒவ்வொரு தடவையும் ஆறு முதல் பன்னிரண்டு கிராம் வரை அமினோ அமிலம் போய்விடும்.

பசி விஷயத்துக்கு வருவோம். வயிறு நிறைந்தது என்று மூளைக்குச் சொல்லும் லெப்டின் என்ற ஹார்மோனை 1994-ல் கண்டுபிடித்தார்கள். பசியைத் தூண்டும் கிரெலினை 1999-ல். லெப்டினை ரத்தத்திலிருந்து அகற்றுவதில் சிறுநீரகத்துக்குப் பெரிய பங்கு. சிறுநீரகம் போனால் லெப்டின் தேங்கும். சாதாரண மெஷின் வடிகட்டியில் அது அவ்வளவாக வெளியேறாது. வயிற்று டயாலிசிஸ்காரர்களுக்கு சர்க்கரையால் இன்சுலினும் கொழுப்பும் கூடுவதால் பொதுவாக லெப்டின் இன்னும் அதிகம். போதாததற்கு வயிற்றில் இரண்டு லிட்டர் திரவம் வேறு. இதையெல்லாம் தெரிந்துகொள்ளாமல், "ஆக்கி வச்சதைத் தொடவே மாட்டேங்கறார்" என்று வீட்டில் திட்டுகிறார்கள். அது அடம் இல்லை, நோய்.

எனக்குப் பெரிய கோபம் புரத விஷயத்தில்தான். டயாலிசிஸுக்கு முன்னால், சிறுநீரகத்தைக் காப்பாற்ற, புரதத்தைக் குறைக்கச் சொல்வார்கள். சரி. டயாலிசிஸ் தொடங்கியதும் கணக்கு தலைகீழ்: உடல் எடையில் கிலோவுக்கு ஒரு கிராம் முதல் 1.2 கிராம் வரை தேவை. அறுபது கிலோ மனிதருக்கு நாளைக்கு அறுபது முதல் எழுபத்திரண்டு கிராம். இரண்டு இட்லியில் கிடைப்பது நாலு கிராம் சொச்சம். பழைய தாளைக் கையில் கொடுத்தே வைத்திருந்தால் அவர் எப்படி நடமாடுவார்? ஒரு முட்டை வெள்ளைக்கருவில் மூன்றரை கிராம் புரதம் இருக்கிறது, பாஸ்பரஸ் மிகக் குறைவு. இதைச் சொல்ல எவ்வளவு நேரம் ஆகும்?

"ஓ.பி. கூட்டத்தில் டாக்டருக்கு ஏது நேரம்?" என்பார்கள். ஒப்புக்கொள்கிறேன். அதற்குத்தான் உணவியல் நிபுணர் என்று ஒரு படிப்பே இருக்கிறது. "வயிற்று டயாலிசிஸில் கிருமித் தொற்று வரும்" என்பார்கள். வரும், கை சுத்தமும் இடம் சுத்தமும் வேண்டும். எது உசத்தி என்று நான் பேசவில்லை. எதில் இருக்கிறாரோ அதற்கேற்ற சாப்பாடு வேண்டும் என்கிறேன்.

பணம் ஒதுக்காமல் இல்லை. 2016 மத்திய பட்ஜெட்டில் தேசிய டயாலிசிஸ் திட்டம் வந்தது. வயிற்று டயாலிசிஸுக்கும் 2019-ல் வழிகாட்டு நெறிகள் வந்தன. கோரிமேட்டைத் தாண்டினால் தமிழ்நாடு. அங்கே 2021-ல் தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தில் டயாலிசிஸ் பைகளையும் வீட்டுக்கே கொண்டுபோய்க் கொடுக்கிறார்கள். நல்ல காரியம். சாப்பாட்டு ஆலோசனையும் அதே கதவைத் தட்ட வேண்டும்.

பிரெஞ்சு படித்த நம் ஊர்க்காரர்களுக்கு 'ரெழீம்' என்ற சொல் ஞாபகம் இருக்கும். பத்தியத்துக்கும் அதே சொல், ஆட்சிக்கும் அதே சொல், வாழைத்தாருக்கும் அதே சொல்! பத்தியத்தை ஆட்சியாக்கி, எல்லோர் மேலும் ஒரே உத்தரவு போடுவது நியாயமில்லை.

நான் கேட்பது மூன்றே மூன்று. இரண்டு வகைக்கும் தனித்தனித் தாள், தமிழில். மாதம் ஒரு முறை பொட்டாசியம், பாஸ்பரஸ், ஆல்புமின், எடை ஆகியவற்றை நோயாளியின் நோட்டிலேயே எழுதித் தருவது. அந்த நோட்டைப் பார்த்துச் சாப்பாட்டை மாற்றிச் சொல்ல ஓர் ஆள். உங்கள் வீட்டில் டயாலிசிஸ்காரர் இருந்தால், நீங்களாக எதையும் சேர்க்கவோ நிறுத்தவோ வேண்டாம். அடுத்த முறை போகும்போது தாளை எடுத்துக்கொண்டு போய், "இது எந்த டயாலிசிஸுக்கு எழுதினது?" என்று கேளுங்கள்.