கலவைப் பொறியும் கலைஞர் கடனும்

மிக்சர் என்ற சொல்லைக் கேட்டதும் கொட்டாஞ்சேனைக் கடைகளின் கண்ணாடிப் போத்தல்களில் இருக்கும் காரப் பலகாரமே நம்மிற் பலருக்கு நினைவில் வரும். சில மாதங்களுக்கு முன்பு, கிராண்ட்பாஸ் வீதியை அடுத்த ஒழுங்கையொன்றில் நான்கு இளைஞர் என்னை மறித்து, "சேர், எந்த மிக்சர் வாங்கினால் நல்லது?" என்று வினவியபோது நானும் ஒரு கணம் அவ்வாறே மயங்கினேன். அவர்களுள் இருவர் என்னிடம் தமிழ் படித்தவர்கள். ஒருவர் கிற்றார், ஒருவர் கீபோர்ட், ஒருவர் தபேலா, ஒருவர் வாய்ப்பாட்டு. இரண்டு ஆண்டுகளாகக் கலியாண வீடுகளில் பாடிச் சேர்த்த பணம் கையில் இருந்தது. சொந்தப் பாடல்களை வீட்டிலேயே பதிவு செய்ய வேண்டுமென்பது அவர்களின் அவா. பதினாறு வழிகளும், வரிசை வரிசையாய் மின்னும் விளக்குகளும் உடைய ஒரு பொறியின் மீது கண் விழுந்திருந்தது. ஆனால் அதற்குப் பணம் போதவில்லை. "இன்னும் ஓர் ஆண்டு பொறுத்தால் வாங்கிவிடலாம்" என்றார்கள்.

தமிழாசிரியனிடம் கேட்க வேண்டிய கேள்வியா இது என்று நகைப்போர் நகைக்கட்டும். மாணவர் கேட்டதை அறிந்து சொல்வது ஆசிரியர் கடன். ஆதலால் விசாரித்தேன், புறக்கோட்டை முதலாம் குறுக்குத் தெருக் கடைகளில் கால்கடுக்க நின்றேன், ஒலிப்பதிவு அறிந்த நண்பர்களைத் தொல்லைப்படுத்தினேன். அதன் பயனாக எழுந்த என் கருத்தை இங்கே கூறுகிறேன். சுருங்கச் சொன்னால், பெரிய பொறிக்காகக் காத்திருப்பது வீண். இன்றைக்குக் கைக்கெட்டும் சிறு பொறியே நமக்குத் தக்கது.

நம் நாட்டில் ஒரு குரல் பதிவாவதற்கு முன்னாளில் ஒரே வாசல்தான் இருந்தது என்று சொன்னால் மிகையாகாது. 1925 டிசம்பர் 16 இல் கொழும்பு வானொலி தொடங்கியது. 1949 இல் அது ரேடியோ சிலோன் ஆயிற்று. 1967 இல் கூட்டுத்தாபனமாயிற்று. பாட விரும்பியவர் அங்கே குரற் சோதனைக்குச் சென்றார். தேறியவர் அழைப்புக்குக் காத்திருந்தார். அந்த வாசல் செய்த தொண்டை நான் மறுக்கவில்லை. ஆர். முத்துசாமி, எம். கே. ரொக்சாமி போன்ற தமிழ் இசையமைப்பாளர் சிங்களத் திரையிசையிலும் நிலைத்த பெயர் பெற்ற காலம் அது. நித்தி கனகரத்தினம், ஏ. ஈ. மனோகரன் ஆகியோரின் பொப்பிசை கடல் கடந்து தமிழகத்திலும் ஒலித்தது. 'சுராங்கனி' அறியாத தமிழர் அரியர். ஆயினும் அந்த வாசலுக்கு வெளியே நின்று, பாடிய பாட்டு காற்றோடு போக, மறைந்தவர் எத்தனை பேர்! அவர்களைக் கணக்கெடுக்க யாராலும் இயலாது, அவர்கள்தாம் பதிவாகவில்லையே.

பொறி பெரிதானால் இசையும் பெரிதாகும் என்ற எண்ணம் சரித்திரத்துக்கு ஒவ்வாதது. 1967 இல் பீட்டில்ஸ் குழுவினர் உலகம் வியந்த 'சார்ஜன்ட் பெப்பர்' இசைத்தட்டை நான்கு தடங்கள் கொண்ட நாடாப் பொறிகளிலேயே உருவாக்கினர். 1979 இல் ரீயாக் நிறுவனம் சாதாரண கசற் நாடாவில் நான்கு தடங்களைப் பதியும் சிறு பொறியை வெளியிட்டது. 1982 இல் புரூஸ் ஸ்பிரிங்ஸ்ரீன் என்ற அமெரிக்கப் பாடகர் வெளியிட்ட 'நெப்ராஸ்கா' அத்தகைய பொறியொன்றில் தம் வீட்டு அறையில் அவர் பதிந்ததே. முன்மாதிரிக்காகப் பதிந்ததைப் பின்னர் கலையகத்தில் மீண்டும் பாடிப் பார்த்தும், வீட்டுப் பதிவின் உயிர் அதில் இல்லையென்று கண்டு, அந்த வீட்டுப் பதிவையே வெளியிட்டார்கள்.

இனிப் பொறிக்கு வருவோம். கலவைப் பொறியின் தொழில் பல ஒலிகளை அளவறிந்து ஒன்றாக்குவது. தேநீரில் பாலும் சீனியும் கலந்தபின் சீனியை மாத்திரம் பிரித்தெடுக்க முடியுமா? அதுபோலவே, பாட்டும் தபேலாவும் ஒன்றாய்க் கலந்து பதிவானபின், தபேலா ஓங்கிவிட்டதே என்று வருந்திப் பயனில்லை. வாங்குவோர் ஏமாறும் இடம் இதுதான். பெட்டியின் மேல் 10 என்றும் 12 என்றும் எழுதியிருக்கும். ஆனால் பல சிறு பொறிகள், எத்தனை ஒலிகளை உள்வாங்கினாலும், யூஎஸ்பி வழியாகக் கணினிக்கு அனுப்புவது கலந்த இரண்டு தடங்களை மாத்திரமே. யமஹா எம்ஜி10எக்ஸ்யூ நல்ல பொறிதான். அதன் பெயரில் 10 இருப்பினும் ஒலிவாங்கி செருகும் வாய்கள் 4. கணினிக்குச் செல்வன 2. சவுண்ட்கிராஃப்ட் நோட்பாட்-12எஃப்எக்ஸ் 4 தடங்களை அனுப்பும். சூம் லைவ்ட்ராக் எல்-8, ராஸ்காம் மொடல் 12 போன்றவை ஒவ்வொரு வாயையும் தனித்தனியே நினைவட்டையில் பதியும். விலையும் அதற்கேற்ப உயரும்.

ஆகவே கடைக்காரரிடம் கேட்க வேண்டிய கேள்வி "எத்தனை சனல்?" என்பதன்று. "ஒலிவாங்கி வாய்கள் எத்தனை? தனித்தனியாகப் பதிவாகும் தடங்கள் எத்தனை?" என்பனவே அக்கேள்விகள். நான்கு பேர் கொண்ட குழுவுக்கு நான்கும் நான்கும் இருந்தால் போதும்.

கலவைப் பொறியே வேண்டாம், இரண்டு வாய் கொண்ட இணைப்புப் பெட்டியொன்றைக் கணினியில் மாட்டி, ஒருவர் பின் ஒருவராய்ப் பதியலாமே என்பார் உளர். அது மலிவானதுதான், தனியாளுக்குச் சாலச் சிறந்ததுங்கூட. ஆனால் நம் இசை ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துப் பிறப்பது. பாடகர் ஒரு சங்கதியை நீட்டும்போது தபேலாக்காரர் கண்ணாலே அறிந்து கையை அடக்குவார். அவரைத் தனியே இருத்தி, காதில் தாள ஒலியை மாட்டி வாசிக்கச் சொன்னால் தாளம் தவறாது; உறவு தவறிவிடும். ஆதலால் குழுவாக வாசிப்போர்க்குச் சிறு கலவைப் பொறியே தக்கதென்பது என் துணிபு. கையிலுள்ள பணத்துக்கு இரண்டு தடப் பொறிதான் கிடைக்குமாயினும் அஞ்ச வேண்டியதில்லை. ஒரு முறை பதிந்து கேட்டு, ஓங்கியவரைப் பின்னே நகர்த்தி, மீண்டும் பதியலாம். வானொலியின் தொடக்க காலத்தில் அவ்வாறுதானே செய்தார்கள்!

பொறியில் மிச்சம் பிடித்த பணத்தை ஒலிவாங்கிக்கும் அறைக்கும் செலவிட வேண்டும். கிராண்ட்பாசின் இயல்பை நாம் அறிவோம். போர்த்துக்கேயர் காலத்தில் களனி ஆற்றைக் கடக்கும் பெருந்துறை என்று பெயர் பெற்ற இடம் இன்றும் ஓயாது கடக்கப்படும் இடமே. லொறிகள் உறுமும், கோவில் மணியும் தேவாலய மணியும் பாங்கொலியும் முறையே எழும், மழை பெய்தால் தகரக் கூரை தானே ஒரு வாத்தியமாகும். இங்கே நுண்ணொலியையெல்லாம் ஈர்க்கும் விலையுயர்ந்த ஒலிவாங்கியினும், 1966 இல் அறிமுகமான ஷூர் எஸ்எம்58 போன்ற எளிய வகையை வாயருகே வைத்துப் பாடுவது நன்று. அதற்கு 48 வோல்ற்று மின்னூட்டமும் வேண்டியதில்லை. நிலத்தில் பாய், சுவரோரம் மெத்தை, கதவுக்குத் தடித்த போர்வை, நேரம் நள்ளிரவுக்குப் பின். இவற்றுக்கு ஈடான கருவி எந்தக் கடையிலும் இல்லை.

நமது மின்சாரம் 50 ஹேட்ஸ் அதிர்வுடையது. புவித்தொடுப்புச் செம்மையாக இல்லாத பழைய வீடுகளில் அது "ம்ம்" என்ற ரீங்காரமாய்ப் பதிவினுள் புகும். எல்லாக் கருவிகளையும் ஒரே செருகு பலகையில் இணைத்து, மடிக்கணினியை மின்னேற்றியிலிருந்து கழற்றி மின்கலத்தில் இயக்கிப் பார்க்க வேண்டும். ரீங்காரத்தைப் போக்கவென்று புவித்தொடுப்புக் கம்பியை வெட்டுவோர் உண்டு. அது உயிரோடு விளையாடுவது. ஒலியளவை ஏற்றும்போது சிவப்பு விளக்கு ஒருகாலும் எரியலாகாது. தாழப் பதிந்ததைப் பின்னர் உயர்த்தலாம். வெடித்துப் பதிந்ததை எவராலும் திருத்த முடியாது.

2022 ஆம் ஆண்டின் நெருக்கடியில் ஒரு டொலர் சில மாதங்களிலேயே ஏறத்தாழ 200 ரூபாவிலிருந்து 350 ரூபாவுக்கு மேல் ஏறியதை நாம் மறந்திலோம். இறக்குமதிப் பொருளின் விலை இளைஞர் கைக்கு எட்டாதது அவர்கள் குற்றமன்று. பழைய பொறியை வாங்குவதில் இழுக்கில்லை. ஆனால் கடையிலேயே ஒவ்வொரு வாயிலும் ஒலிவாங்கியைச் செருகிப் பேசிப் பார்க்க வேண்டும். குமிழ்களைத் திருகுகையில் கரகரப்பு எழுகிறதா என்று காதணி ஒலிபெருக்கியில் கேட்க வேண்டும். மின் இணைப்பி அந்தப் பொறிக்கே உரியதா என்பதையும் நோக்க வேண்டும். சில பொறிகளின் இணைப்பி தனிவகையானது. அது எரிந்தால் பொறியும் அலுமாரிக்கு அணியாகிவிடும்.

இத்தனையும் எழுதத் தூண்டியது பணக்கணக்கு மாத்திரமன்று. தபேலா வாசிக்கும் இளைஞரின் பாட்டியார் மலையகத் தோட்டமொன்றிலிருந்து இளமையிலே கிராண்ட்பாசுக்கு வந்தவர். அவருடைய தந்தையார் காமன் கூத்து ஆடியவர். மாசி மாதத்து இரவுகளில் கேட்ட அப்பாடல்களை அவ்வம்மையார் முற்ற மனனஞ் செய்திருந்தார். அவற்றைப் பதிந்து தங்கள் முதல் இசைத்தொகுப்பில் சேர்ப்பதாக இளைஞர்கள் என்னிடம் சொன்னார்கள். "நல்ல மிக்சர் வரட்டும் சேர், ஒழுங்காகச் செய்வோம்" என்றார்கள். நானும் நன்றென்று தலையசைத்தேன். அந்தப் பிழையில் எனக்கும் பங்குண்டு. நான் கடைகடையாய் விலை விசாரித்துக்கொண்டிருந்த நாள்களில் பாட்டியார் நோயுற்றார்; இரு கிழமைகளில் மறைந்தார். பேரனின் கைத்தொலைபேசியில், சமையலறையில் அவர் முணுமுணுத்த ஒரு பாட்டின் பாதி மாத்திரம், பின்னணியில் குக்கர் கூவ, எஞ்சியிருக்கிறது.

இளைஞர்கள் இப்போது நான்கு வாய் கொண்ட பழைய பொறியொன்றை வாங்கிவிட்டார்கள். முதலில் தங்கள் பாட்டைப் பதியவில்லை. ஒழுங்கையின் மறுகோடியிலுள்ள முதியவர் ஒருவரைப் பாடவைத்துப் பதிந்தார்கள். பாட்டின் நடுவே லொறியொன்று போகிறது. இருந்தாலும் குரல் தெளிவாகக் கேட்கிறது.

ஆசிரியப் பெருமக்களுக்கும் இலக்கிய வட்டத்து அன்பர்களுக்கும் ஒரு விண்ணப்பம். விழா மேடைக்கும் மாலைக்கும் பொன்னாடைக்கும் நாம் செலவிடுவதில் ஒரு பங்கு இருந்தால், ஒவ்வொரு பாடசாலையிலும் இத்தகைய சிறு பொறியொன்றை வைக்கலாம். மாணவர் தம் அயலிலுள்ள முதியோரின் தாலாட்டையும் கூத்துப் பாட்டையும் பதிந்து வைப்பார்கள். சிறந்த பொறி வரும்வரை பொறுத்திருக்கலாம் என்று எண்ணுவோர், பாடுவோரும் அதுவரை பொறுத்திருப்பாரா என்று ஒரு முறை எண்ணிப் பார்ப்பாராக.