பச்சிளங்குழவிக்கு அறிவின்றென்பார் கூற்று மறுப்பு

பிறந்த குழவிக்கு அறிவுண்டோ இன்றோ என்னும் வினா, தாய்மார் கேட்பின் நகைத்தற்குரியது. ஆயினும் கற்றோர் பலர் அக்குழவியை உணர்வற்ற பிண்டமென்றே நெடுங்காலம் எண்ணினர். அவ்வெண்ணத்தாற் பெருந்தீங்கும் விளைந்தது. ஆகலின் அவ்வினா நகைத்தொழிதற்குரியதன்று, ஆராய்ந்து தெளிதற்குரியது.

இதற்கு விடை கூறுவார் முத்திறத்தார். குழவிக்கு அறிவென்பதொன்றில்லை, மூளை முதிருங்கால் அது புதிதாய்த் தோன்றும் என்பார் ஒருசாரார். குழவியின் உள்ளம் எழுதப்படாத வெள்ளேடு, உலகம் அதன்மேல் எழுதுவதே அறிவு என்பார் மற்றொருசாரார். குழவி மாசற்ற ஞானி, வளர வளரவே அறியாமை வந்து படிகின்றது என்பார் பிறிதொருசாரார். இம்மூவர் கூற்றும் பொருந்தாமையும், சித்தாந்த சைவங் கூறும் உண்மையே குழவியின் இயல்போடு ஒத்து நிற்றலும், அவ்வுண்மையினின்று பெற்றோர்க்கு எய்துங் கடமையும் ஈண்டு காட்டப்படும்.

முதற்கண் அறிவில்லையென்பார் கூற்றை ஆராய்க. மேனாட்டு மருத்துவர் பலர் இருபதாம் நூற்றாண்டின் பெரும்பகுதியும் இக்கொள்கையினராயிருந்தனர். குழவியின் நரம்புகளைச் சூழ்ந்த கொழுப்புறை முற்றுப்பெறவில்லை. மூளையின் மேற்புறணி முதிரவில்லை. ஆகலின் அது நோவை உணராது. அழுகையும் கைகாலுதறலும் உணர்வின்றி நிகழும் அனிச்சைச் செயல்களே என்றனர். மயக்கமருந்தைச் சிற்றுடல் தாங்காதென்னும் அச்சமும் இதனோடு சேர்ந்தது. இவற்றின் பயனாக, 1980-களின் நடுப்பகுதி வரையில் குறைமாதக் குழவிகள் பல, உடம்பு அசையாதிருத்தற்குரிய மருந்தும் மிக மெல்லிய மயக்கமுமே தரப்பெற்று, மார்பைத் திறக்கும் அறுவைக்கு உட்பட்டன. அசையமாட்டாத உடம்பு அழவும் மாட்டாது. அழமாட்டாமை நோவாமையாகுமோ?

1987-ஆம் ஆண்டில், ஆக்சுபோர்டில் ஆராய்ந்த கே. ஜே. எஸ். ஆனந்த் என்னும் மருத்துவரும் அவரோடிருந்தாரும் இதற்கு விடை கண்டு வெளியிட்டனர். நோவுநீக்கும் மருந்தும் உடன்பெற்ற குறைமாதக் குழவிகளின் உடம்பில், இடர்ப்பாட்டைக் காட்டும் ஹார்மோன்களின் எழுச்சி மிகக் குறைந்திருந்தது. அறுவையின்பின் நேரும் நலிவுகளும் குறைந்தன. அவ்வாண்டிலேயே அமெரிக்கக் குழந்தை மருத்துவர் கழகமும் பிறந்த குழவிகட்கு மயக்கமருந்தும் நோவுநீக்கமும் வேண்டுமென அறிவித்தது. ஒரு கொள்கையின் பிழை ஏட்டளவில் நில்லாது, பேசமாட்டாத உயிரின் உடம்பில் வந்து விழும் என்பதற்கு இதனின் மிக்க சான்று வேண்டா.

அற்றேல், நோவுணர்வு விலங்கிற்கும் உண்டு. அது கொண்டு குழவிக்கு அறிவுண்டென்றல் யாங்ஙனம் எனின், கூறுதும் என்று எழுவார்க்கு 1980-ஆம் ஆண்டின் சோதனையொன்று துணையாம். டிகாசுபர், பைபர் என்னும் அமெரிக்க அறிஞர் இருவர், பிறந்து மூன்று நாள் நிரம்பாத குழவிகளின் வாயில் இரப்பர்க் காம்பொன்றை வைத்தனர். ஒருவகையாற் சுவைப்பின் தன் தாயின் குரலும், வேறுவகையாற் சுவைப்பின் அயலாள் ஒருத்தியின் குரலும் செவியிற் கேட்குமாறு கருவி அமைத்தனர். குழவிகள் தாய்க்குரல் வருமாறு தம் சுவைப்பை மாற்றிக்கொண்டன. இதனை உற்று நோக்குக. தாயின் குரலை விரும்புதல் இச்சை. அயற்குரலினின்று அதனைப் பகுத்துணர்தல் ஞானம். அதனைப் பெறுதற்பொருட்டுச் சுவைப்பை மாற்றுதல் கிரியை. உயிர்க்குச் சித்தாந்தங் கூறும் மூவகையாற்றலும் பிறந்து மூன்று நாளாகாத குழவியிடத்து ஒருங்கே விளங்குகின்றன. இவற்றுள் எதனை அனிச்சைச் செயலென்று தள்ளுவது?

இனி, அவ்வறிவும் மூளையின் விளைவேயாம். பிறந்த குழவியின் மூளை நிறையில் முதிர்ந்தார் மூளையின் நான்கிலொரு பங்கினளவே. அது வளர அறிவும் வளர்தலின், மூளையே அறிவு என்பர். வெற்றிலையும் பாக்குஞ் சுண்ணாம்புங் கூடியவழிச் செந்நிறம் தோன்றுதல்போலப் பூதங்களின் கூட்டத்தால் அறிவு தோன்றுமென்ற உலகாயதர் கூற்றே இங்குப் புத்தாடை புனைந்து வந்தது. மூளை பழுதுற அறிவு குன்றும், மூளை வளர அறிவு விளங்கும் என்பதனைச் சைவர் மறுப்பதிலர், மறுக்க வேண்டுவதுமில்லை. உயிர் கருவிகளோடு கூடியல்லது ஒன்றனை அறியமாட்டாதென்பதே சித்தாந்தத்தின் துணிபு. யாழ் பழுதுற இசை கெடும். அதுகொண்டு யாழே பாடுநன் என்பார் உளரோ? கருவி வளருமளவிற்கு அறிவு விளங்குதல், கருவியின் வேறாய் விளங்குதற்குரிய பொருளொன்றுண்டு என்னும் கொள்கைக்கு மாறாகாது.

இரண்டாங் கூற்று, ஆங்கில மெய்ந்நூலாராகிய லாக் 1690-ஆம் ஆண்டிற் குறிக்கப்பெற்ற தம் நூலில் உள்ளத்தை எழுத்தில்லா வெண்டாளெனக் கூறியதனைப் பற்றி எழுந்தது. பிறக்கும்போதே கருத்துக்கள் உள்ளத்திற் பதிந்துள்ளன என்பாரை அவர் மறுத்தது ஒருவாற்றான் ஏற்புடைத்தே. ஆயினும் தாள் தன்மேல் எழுதப்பட்டதனைப் படிக்குமோ? எழுத்தை ஏற்பதும் அதனைப் படிப்பதும் வெவ்வேறு. தாளென்ற உவமை படிப்பவனை விழுங்கிவிட்டது.

லாக்கின் நண்பர் மொலினோ அவரிடம் வினாவொன்று விடுத்தார். உருண்டையையும் கனசதுரத்தையும் கையால் தடவி அறிந்த பிறவிக் குருடன், கண் பெற்றவுடன் அவற்றைக் கண்ணாலேயே வேறுபிரித்தறிவனோ என்பது அது. பவன் சின்கா என்னும் அறிஞர் நடத்தும் பிரகாஷ் திட்டத்தில், பிறவியிலேயே பார்வையிழந்து பல்லாண்டின்பின் அறுவையாற் கண்பெற்ற இந்தியச் சிறார் சிலரைக்கொண்டு இது ஆராயப்பட்டு, 2011-இல் முடிபு வெளியாயிற்று. கண் திறந்தவுடன் கையறிந்ததனைக் கண்ணால் அவர்கள் அறிந்திலர், சின்னாட்களில் அறிந்தனர். உடனே அறியாமையின், கருத்துக்கள் உடன்பிறந்தன என்பார் தோற்றனர். பின் அறிந்தமையின், கையால் அறிந்ததனையும் கண்ணால் அறிந்ததனையும் ஒன்றென இணைப்பதொரு பொருள் வேண்டப்படும். கண் கையறிவை அறியாது. கை கண்ணறிவை அறியாது. ஐம்புலன்களையும் தானொன்றாய் நின்றறிவதும், உணர்த்தியவழி உணர்வதும் உயிருண்மைக்கு ஏதுக்களெனச் சிவஞானபோதத்து மூன்றாஞ் சூத்திரம் விளக்குதலை ஈண்டு நினைக.

மூன்றாங் கூற்றோ சைவ உடை உடுத்து வருதலின் பெரிதும் மயக்குவது. குழவி தூய ஞானியாயின், அத்தூய்மை பிறகு மாசுற்றது எதனால்? தூய பொருளை மாசு வந்து பற்றுமாயின் முத்தியினும் அது வந்து பற்றும். வீடுபேறு நிலையாதாய் முடியும். செம்பிற் களிம்பும் நெல்லில் உமியும்போல ஆணவம் உயிரோடு அநாதியே உள்ளது. கேவலத்தில் அறிவற்றாற்போற் கிடந்த உயிர்க்கு இறைவன் அருளால் தநுகரணங்களைக் கூட்டுவிக்கச் சகலத்திற் சிறிதே அறிவு விளங்கத் தொடங்குகின்றது. குழவியின் நகை தூயதாய்த் தோன்றுவது மலமின்மையாலன்று. மலம் தன் தொழிலை நிகழ்த்துதற்குரிய கருவிகளும் இன்னும் முதிராமையால். ஆளுடைய பிள்ளையார் மூவாண்டில் ஞானம் பெற்றதனை இவர்க்குத் துணையாகக் காட்டுவாருமுளர். அவ்வரலாறு இவரையே மறுக்கும். பிள்ளையார் அழுதருளினார்; இறைவன் பணிக்க அம்மை ஞானப்பால் ஊட்டினார்; அதன்பின்னரே பாடியருளினார். ஊட்டப்பெற்ற ஞானமென்பதே புராணம் உணர்த்துவது.

இவ்வாற்றாற் போந்த உண்மை யாதெனின், குழவியின் உயிர் அறிவற்ற சடமுமன்று, தானே அறியுஞ் சிவமுமன்று. அறிவிக்க அறியும் அறிவு என்பதாம். அறிவிப்பார் இன்றியமையாமைக்கு 2003-ஆம் ஆண்டிற் சீயாட்டில் நகரத்திற் பத்திரீசியா கூல் என்பாரும் உடனாராய்ந்தாரும் வெளியிட்ட சோதனையும் ஒத்து நிற்கின்றது. ஆங்கிலம் பேசும் இல்லங்களில் வளர்ந்த ஒன்பது மாதக் குழவிகட்குச் சீனமொழி பேசுவார் நேரிலிருந்து பன்னிருமுறை விளையாடியும் படித்துங் காட்டினர். அக்குழவிகள் சீன ஒலிகளின் வேறுபாட்டை உணரும் ஆற்றல் பெற்றன. அதே பேச்சைத் திரையிற் கண்டுகேட்ட குழவிகளும், ஒலிப்பதிவாற் கேட்ட குழவிகளும் அவ்வாற்றலைப் பெறவில்லை. ஒலி ஒன்றே, உணர்த்துவார் எதிரிலிருந்தமையே வேறுபாடு. ஐம்புல வேடரிடை வளர்ந்த அரசகுமரனுக்கு அவன் குலத்தை உணர்த்த ஒருவன் வரவேண்டுமென எட்டாஞ் சூத்திரங் கூறுவது வீடுபேற்றைப் பற்றியது. ஆயினும் உணர்த்துவார் வேண்டுமென்னும் நெறி தொட்டிலிலேயே தொடங்குகின்றது. குழவியின் அழுகையை அடக்கக் கைப்பேசித் திரையை அதன்முன் நிறுத்திவிட்டு அகலும் பெற்றோர், வேடர் எண்ணிக்கையை ஒன்று கூட்டுகின்றனர்.

அற்றேல், குழவியின் அறிவும் மடமையும் அதன் வினைப்பயன். பிறர் செய்யக்கிடந்தது யாது எனச் சைவரிற் சிலர் கூறுவர். இது வினைக்கொள்கையன்று, சோம்பலுக்கு வினையின் பெயரிட்டதேயாம். உருமேனிய நாட்டில் அநாதை விடுதிகளில் அணைப்பாரும் உரையாடுவாருமின்றிக் கிடந்த 136 சிறு குழவிகளை 2000-ஆம் ஆண்டு முதல் ஆராய்ந்தோர், அவருட் பாதியரை வளர்ப்புக் குடும்பங்களில் அமர்த்தினர். விடுதியிலேயே எஞ்சியோரினும் குடும்பம் பெற்றோர் அறிவின் மிக்கனர். முன்னரே பெற்றோர் பின்னர்ப் பெற்றோரினும் மிக்கனர் என 2007-இல் வெளியிட்டனர். வினையை ஊட்டுவிக்கும் இறைவன், அதனை மாற்றவல்ல அன்பையும் மக்கள் கையில் வைத்தே ஊட்டுவிக்கின்றான். அக்கையை மடக்கிக்கொள்வது அவன் ஆணையாகாது. கைமடக்கினான் செய்த வினையாய் அவன்மேலேயே நிற்கும்.

இவ்வாராய்ச்சிகள் உயிருண்மையை நிறுவிவிட்டன என்று ஆரவாரித்தலும் சைவர்க்கு அழகன்று. குழவி பாலுக்கு வாய் திறத்தலைக்கொண்டு முற்பிறவியை நாட்டக் கௌதமர் நியாயநூல் முயன்றது. இக்காலத்துக் கருவிகளோ, குழவி கருப்பையிலேயே விரல் சுவைத்துப் பழகுதலைக் காட்டுகின்றன. அவ்வேதுவொன்றையே பற்றி நின்றார்க்கு அது தளர்ச்சியாம். சித்தாந்தம் அதனைப் பற்றி நின்றதன்று. அறிவிக்க அறியும் இயல்பைப் பற்றி நின்றது. அவ்வியல்பைக் கருவி எத்துணை நுண்ணிதாயினும் அசைத்திலது.

ஆகலின், தொட்டிலிற் கிடப்பது பிண்டமன்று, வெண்டாளன்று, ஞானியுமன்று. அஃது இருளினின்று மெல்லக் கண்விழிக்கும் உயிர், நோவை உணர்வது, தாயின் குரலைத் தேர்வது, அறிவிப்பாரை எதிர்நோக்கிக் காத்திருப்பது. அறிவிக்கும் இறைவன் அதற்கு முதற்கண் தாய்வடிவிலும் தந்தைவடிவிலும் எதிர்நிற்கின்றான். அவ்வடிவிற்குரியார், அக்குழவியின் முகம் நோக்கி ஒரு சொற் கூறுதலும் சிவபூசையின் பகுதியென்று தெளிவாராக.

திருச்சிற்றம்பலம்.