தீட்டு

தமிழில் 'தீட்டு' என்று ஒரு சொல் வழங்கி வருகிறது. மழுங்கிய கத்தியைச் சாணையில் வைத்துக் கூராக்கினால் தீட்டுதல் என்கிறோம். சித்திரம் எழுதுவதும் தீட்டுதல். கண்ணுக்கு மையிடுவதும் தீட்டுதல். அரிசியின் தவிட்டைப் போக்கி வெளுப்பாக்குவதும் தீட்டுதல். சர்க்கார் ஒரு காரியத்துக்கு வழி வகுத்தால் அதுவும் திட்டம் தீட்டுதல். இவற்றிலெல்லாம் மனிதனுடைய கையும் புத்தியும் சேர்ந்து ஒரு பொருளை முன்னிலும் மேலாக்கப் பார்க்கின்றன.

இதே உருவத்தில் மற்றொரு தீட்டும் நம்மவர்களிடம் இருக்கிறது. குழந்தை பிறந்தால் தீட்டு. ஆள் செத்தால் தீட்டு. பெண் மாதவிடாயானால் தீட்டு. பூமியின் நிழல் சந்திரன்மீது விழுந்தால் தீட்டு. ஒரு ஜாதியான் மற்றொரு ஜாதியானைத் தொட்டுவிட்டால் தீட்டு. முதல் தீட்டில் மனிதன் ஏதாவது செய்தாக வேண்டும். இரண்டாவது தீட்டுக்கோ அவன் ஒன்றும் செய்ய வேண்டியதில்லை, பிறந்தாலே போதும்.

இந்த இரண்டாவது சொல் 'தீண்டு' என்பதிலிருந்து வந்தது. தீண்டுதல் என்றால் தொடுதல், அவ்வளவுதான். பெற்ற குழந்தையின் உடல் தன்மேல் படும் இன்பத்தைச் சொல்ல வந்த வள்ளுவர் 'தீண்டல்' என்ற சொல்லையே ஆண்டிருக்கிறார். பாம்பு கடித்தாலும் 'தீண்டியது' என்கிறோம். பாம்பிடமாவது விஷமிருக்கிறது. அப்படியிருக்க, தாய் குழந்தையைத் தொடுவதைக் குறித்த சொல்லைப் பாம்புக்குரியதாக்கி, அதையும் மனிதன்மேல் ஏவிவிட்டவர்களின் சாமர்த்தியத்தை என்னென்பது?

"இதெல்லாம் சுகாதாரத்துக்காகப் பெரியவர்கள் செய்த ஏற்பாடு" என்று சிலர் சமாதானம் சொல்ல வருகிறார்கள். அப்படியானால் மனுதர்மத்தைச் சற்றுப் புரட்டிப் பார்க்கட்டும். ஐந்தாம் அத்தியாயத்தில், சாவுத் தீட்டு பிராமணனுக்கு 10 நாள், க்ஷத்திரியனுக்கு 12 நாள், வைசியனுக்கு 15 நாள், சூத்திரனுக்கு ஒரு மாதம் என்று கணக்குப் போட்டிருக்கிறது. ராஜ்ய காரியம் கெட்டுவிடுமே என்று அரசனுக்குத் தீட்டே இல்லை என்றும் அதே அத்தியாயம் விலக்குக் கொடுத்திருக்கிறது! ஜாதி விசாரித்து நாள் குறிக்கும் கிருமி உலகத்தில் எங்கேயாவது உண்டா? அரசனைக் கண்டால் ஒதுங்கி நிற்கும் நோய் உண்டா? பங்காளி ஒருவன் நூறு காதத்துக்கு அப்பால் செத்தால், சேதி காதில் விழுந்த மாத்திரத்தில் இங்கே இருப்பவனுக்குத் தீட்டு வந்துவிடுகிறது. அந்நாளில் அது தந்திக் கம்பி வழியாக வந்தது. இன்று கைப்பேசி வழியாக வருகிறது. இதற்கும் சுகாதாரத்துக்கும் என்ன சம்பந்தம்?

உண்மையான சுகாதாரம் எப்படி நடந்துகொள்ளும் என்பதற்கு வியன்னா நகரத்துச் சங்கதி ஒன்று உண்டு. அங்கே பிரசவ ஆஸ்பத்திரியில் தாய்மார்கள் ஜுரம் கண்டு ஏராளமாகச் செத்துக்கொண்டிருந்தார்கள். பிணத்தை அறுத்துப் பார்த்த வைத்தியர்கள் அதே கையோடு பிரசவம் பார்ப்பதே காரணம் என்று செம்மல்வைஸ் என்ற டாக்டர் யூகித்து, 1847-ல் எல்லோரையும் குளோரின் கலந்த சுண்ணாம்பு நீரில் கை கழுவச் செய்தார். சாவு சட்டென்று குறைந்தது. அவர் கையில் ஒட்டியிருப்பது என்ன என்று பார்த்தாரேயொழியக் கைக்குரியவன் எந்தக் குலம் என்று பார்க்கவில்லை. பெரிய டாக்டருக்கும் அதே தண்ணீர், மாணாக்கனுக்கும் அதே தண்ணீர். நம் நாட்டிலோ கழுவ வேண்டிய கையை விட்டுவிட்டு ஆளையே விலக்கிவைத்தார்கள். புரோகிதன் வந்து புண்ணியாவாசனம் செய்து, அரிசியும் வாழைக்காயும் தட்சணையும் மடியில் கட்டிக்கொண்டு போனதும் தீட்டுப் போய்விட்டது என்றார்கள்.

மெய்யாகவே கெடுதல் செய்யும் தீட்டு ஒன்று இருக்குமானால் அது அரிசித் தீட்டுதான். ஜாவாத் தீவில் எய்க்மான் என்ற டாக்டர், தவிடு போகத் தீட்டிய அரிசியையே தின்ற கோழிகள் கால் விளங்காமல் விழுவதையும், தீட்டாத அரிசி கொடுத்தால் எழுந்து நடப்பதையும் கண்டறிந்தார். 1929-ல் அவருக்கு நோபல் பரிசும் கிடைத்தது. அந்தத் தீட்டைப் பற்றி எந்தச் சாஸ்திரியும் மூச்சுவிடவில்லை. வெளுத்த அரிசிதான் படையலுக்கு உயர்வு!

இது நிற்க. நாற்று நட்டு அறுத்துப் போரடிப்பவன் தொட்ட நெல்லுக்குத் தீட்டில்லை. அவன் கொடுக்கும் ரூபாய்க்கும் தீட்டில்லை. அவன் குடிக்கும் டம்ளருக்கும் நடக்கும் தெருவுக்கும் மாத்திரம் தீட்டு! 1924-ல் வைக்கத்தில் நாயும் மாடும் திரிந்த தெருவில் ஈழவரும் புலையரும் நடக்கக்கூடாது என்று தடுத்தது இந்தச் சொல்தான். 1936-ல் திருவாங்கூர்க் கோயில்களும், 1939-ல் மதுரை மீனாட்சி கோயிலும் திறந்துவிடப்பட்டன. 1950-ல் அரசியல் சட்டத்தின் 17-வது பிரிவு தீண்டாமையை ஒழித்தது. ஆனால் சட்டம் ஒழித்ததைச் சமையலறையும் சன்னிதியும் ஒழிக்கவில்லை. சபரிமலைக்கு எல்லா வயதுப் பெண்களும் போகலாம் என்று 2018-ல் சுப்ரீம் கோர்ட் சொல்லிற்று. 2019 ஜனவரி 2-ந் தேதி இரண்டு பெண்கள் உள்ளே போய் வந்ததும் நடையைச் சாத்திச் சுத்தி செய்தார்கள். கோர்ட்டுத் தீர்ப்பைவிட இந்தச் சொல்லுக்கு அங்கே மதிப்பு அதிகம் என்பதுதானே இதன் அர்த்தம்?

நேபாளத்தின் மேற்குப் பகுதியில் மாதவிடாய்ப் பெண்களை ஊர்ப்புறக் குடிசையில் தள்ளிவைக்கும் 'சௌபடி' என்ற வழக்கத்தால் பாம்பு கடித்தும் புகை மூட்டத்தில் மூச்சுத் திணறியும் பெண்கள் செத்ததன் பேரில், 2017-ல் அதைத் தண்டனைக்குரிய குற்றமாக்கினார்கள். கருப்பை தன் உட்சவ்வை மாதந்தோறும் கழிப்பது மூச்சு விடுவதைப் போன்ற உடம்பின் காரியம். அது நிகழாவிட்டால் நம்மில் ஒருவரும் பிறந்திருக்க மாட்டோம். அப்படிப்பட்டதற்குத் தீட்டு என்று பெயரிட்டுப் பெற்ற மகளைத் திண்ணையில் உட்காரவைப்பவன் தன் பிறப்பையே அல்லவா இழிவு செய்துகொள்கிறான்?

ஆகவே, தோழர்களே! கோர்ட்டும் சட்டசபையும் செய்ய வேண்டியதைச் செய்யட்டும். உங்கள் வீட்டு வாசற்படிக்குள் செய்ய வேண்டியதை நீங்கள்தான் செய்ய வேண்டும். 'தூரம்' என்று பெண்ணை ஒதுக்காதீர்கள். அவளுக்கென்று தனித் தட்டும் தனிப் பாயும் வைக்காதீர்கள். சாவு வீட்டில் துக்கம் விசாரியுங்கள். கை காலைச் சோப்புப் போட்டுக் கழுவுங்கள். புரோகிதனுக்கு மட்டும் ஆள் அனுப்பாதீர்கள். இரட்டை டம்ளர் வைத்திருக்கும் டீக்கடையில் ஒரு வாய் டீ குடிக்காதீர்கள். தீட்டு என்ற சொல்லைச் சாணைபிடிப்பவனுக்கும் சித்திரக்காரனுக்குமே திருப்பிக் கொடுத்துவிடுங்கள். மனிதன்மேல் அதைச் சொல்ல எவனுக்கும் உரிமையில்லை.